வெட்டு இல்லாத விளையாட்டு

மகன்,

ஸலாம். உன் கடிதம் வியாழக்கிழமைத் தபாலில் கிடைத்தது. நிக்காஹ் பற்றி நீ கேட்டதற்குப் பதில் சுருக்கமானது. என் மூத்தவனை, உன் காக்காவை, இழந்த ஸபியா உன்னைக் கட்டச் சம்மதித்துவிட்டாள். பள்ளிவாசலிலும் சொல்லியாயிற்று. நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடிதத்தின் அடியில், இடம் இல்லாமல் ஓரத்தில் நெருக்கி இன்னொன்றும் கேட்டிருக்கிறாய். காக்காவின் பிள்ளைகளுக்குப் பொம்மை வேண்டாம், கூடியிருந்து விளையாடுகிற பலகை ஏதாவது வாங்கி வருகிறேன், கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் சிறகு வைத்த பரிப் பெண்ணும் ஜின்னும் அரண்மனையும் வரைந்து ஜிகினா தூவிய பலகைகள் வந்திருக்கின்றன, எதை எடுக்கட்டும் என்று. இதற்கு ஒரு வரியில் பதில் எழுதத்தான் பேனையை எடுத்தேன். முடியவில்லை. இந்த வீட்டில் விளையாட்டுப் பலகையால் இரத்தம் சிந்தியிருக்கிறது. அதை நீ அறியாமல் எந்தப் பலகையையும் தூக்கிக்கொண்டு வரக்கூடாது.

பிள்ளைகளுக்கு மினுங்குவதெல்லாம் பிடிக்கும் என்று நீ எழுதியது சரி. அந்தப் பித்து என் தையல் மெசினுக்குக் கீழேதான் பிடித்தது. கலியாணச் சட்டைகள் தைக்கும் நாட்களில் இரண்டு பேரும் என் காலடியில் குந்தியிருந்து, விழுகிற ஜரிகைத் துண்டையும் சமிக்கியையும் பொறுக்குவார்கள். பெரியவள் ஜெமீலா அவற்றை நிறம் பிரித்துச் சிரட்டையில் போடுவாள். சின்னவள் பரீதா வாயில் போடுவாள். ஒருமுறை ஒரு சமிக்கியை மூக்குக்குள் ஏற்றிவிட்டாள். கல்முனை ஆஸ்பத்திரியில் டாக்டர் இடுக்கியால் அதை எடுத்தபோது அவருடைய விரலைக் கடித்து இரத்தம் வரப் பண்ணினாள். ஸபியா இராத்திரியில் சொல்லும் கதைகளிலும் கடலுக்கு அடியில் பரி ராசாத்தி, அவளுடைய பொன் மாளிகை, அதைப் பிடிக்க வரும் சிவப்பு ஜின் என்று எல்லாம் மினுங்கும். உன் காக்கா உயிரோடு இருந்த காலத்தில் இதெல்லாம் வெறும் சந்தோஷமாக இருந்தது.

கடற்கரையில் நடந்ததை நீ பலருடைய வாயால் கேட்டிருப்பாய். என் வாயால் கேட்டதில்லை. கீரிமீன் கூட்டம் கரைக்குக் கிட்ட கறுப்பாக வந்து நின்ற காலை அது. முதல் பாடு, அதாவது முதலில் வலை வளைக்கும் முறை, உன் காக்காவின் ஆட்களுக்கு உரியது. தோணியைத் தள்ளும்போது அடுத்த பாட்டுக்காரன் உதுமானும் அவனுடைய காக்காவும் தங்கள் வலைக்கயிற்றைக் குறுக்கே போட்டார்கள். உன் காக்கா அந்தக் கயிற்றை அறுத்தான். உடனே உதுமான் துடுப்பால் அவனுடைய தோளில் அடித்தான். விழுந்தவன் எழும்புமுன் உதுமானின் காக்கா கயிறு அறுக்கும் கத்தியைக் கழுத்தில் இறக்கினான். நான் தையல் கடையிலிருந்து ஓடிப்போன நேரம் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் துடுப்பாலும் கல்லாலும் அடித்துக்கொண்டிருந்தார்கள். என் மகன் மணலில் கிடந்தான். இரண்டு கையாலும் அவனுடைய கழுத்தைப் பொத்தினேன். என் விரல்களுக்கு இடையால் இரத்தம் வந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஜெமீலா நிற்கிறாள். பாவாடை மடி நிறையச் சிப்பி. தங்கச்சியோடு சிப்பி பொறுக்க வந்தவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஒரு சிப்பியைக்கூட அவள் கீழே விடவில்லை. கவிழ்த்து வைத்த தோணிக்குக் கீழேயிருந்து பரீதாவைப் பிறகுதான் இழுத்து எடுத்தோம்.

ஜனாஸாவை அடக்கிய மறுநாள் நீ கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தாய். கையில் பேப்பரில் சுற்றிய கத்தி. உதுமானின் காக்காவைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது, உதுமான் மட்டும் வீட்டில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் நேரே அங்கே போகப் பார்த்தாய். நான் ஸபியாவின் வாசலை மறித்து நின்றேன். "வாப்பா, விலகுங்க. அவன்ட குடல எடுத்து வேலியில போட்டுட்டு வாறன்" என்றாய். விலகவில்லை. நீ தள்ளினாய். என் கை நிலைக் கட்டையில் அடிபட்டு முறிந்த சத்தம் உனக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் கத்தியைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்தி அழுதாய். இதைக் குறையாக எழுதவில்லை. நீ அன்றே மன்னிப்புக் கேட்டாய், நான் அன்றே மன்னித்தேன். ஆனால் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று இதையும் ஜெமீலா பார்த்துக்கொண்டிருந்தாள். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

ஸபியா வெளியே வராமல் இருந்த இத்தா, நாலு மாதமும் பத்து நாளும், முடிந்த பிறகும் வீட்டில் சிரிப்பு இல்லை. பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்தால் மாறுவார்கள் என்று நினைத்து, கல்முனைச் சந்தையில் ஒரு லூடோப் பலகை எடுத்தேன். நீ இப்போது பார்த்து மயங்குவது போன்றதுதான். நடுவில் பொன் கடதாசியில் நட்சத்திரம். நான்கு மூலையிலும் நான்கு மாளிகை. காய்களும் கண்ணாடி போல் மினுங்கின. பிள்ளைகள் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பரீதா பொன் கடதாசியை நக்கிப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் பாயில் இருந்து விளையாடத் தொடங்கினோம். ஜெமீலாவின் காய் வீட்டுக்குக் கிட்டப் போய்விட்டது. அந்த நேரம் பரீதாவுக்கு நல்ல எண் விழுந்து, அவளுடைய காய் ஜெமீலாத் தாத்தாவின் காய் நின்ற கட்டத்துக்கு வந்தது. அவளுக்கு எடுக்கத் தெரியவில்லை. நான் சிரித்துக்கொண்டு, எல்லாரும் சொல்வது போல, "வெட்டு மகள், தாத்தாவ வெட்டு" என்றேன்.

ஜெமீலா எழும்பியதை நான் காணவில்லை. மெசினில் சாய்த்து வைத்திருந்த முழக்கோல் அவளுடைய கைக்கு எப்படி வந்தது என்றும் தெரியாது. தங்கச்சியின் நெற்றியில் அடித்தாள். திரும்பவும் அடித்தாள். பரீதா குப்புற விழுந்தாள். இரத்தம் பலகையில் வழிந்து பொன் கடதாசியை நனைத்தது. இரத்தத்தைக் கண்டதும் ஜெமீலா கோலை எறிந்துவிட்டுத் தங்கச்சியின் மேல் குறுக்கே படுத்துக்கொண்டாள். அடித்தவளே அணைத்துக்கொண்டு, "வாப்பாவ வெட்டாதீங்க, வாப்பாவ வெட்டாதீங்க" என்று கத்தினாள். பிரித்தெடுக்க நான் பிடித்த கையைக் கடித்தாள். குசினியிலிருந்து ஓடிவந்த ஸபியா இரண்டு பேரையும் ஒன்றாக வாரித் தூக்கினாள். சின்னவளுக்குக் காயத்தைக் கட்டிப் படுக்க வைத்த பிறகு அந்தப் பலகையை முறித்து அடுப்பில் வைத்தாள். என்னைக் கோபித்துப் பேசவில்லை. "மாமா, மேலால மினுங்குறதப் பாத்திருக்கீங்க. உள்ளுக்கு என்ன செய்யச் சொல்லுது எண்டு பாக்கல்ல" என்றாள். நெருப்பில் ஜிகினா பச்சையாக எரிந்தது.

அதன் பிறகு பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் பிள்ளைகள் விளையாடி முடித்த பாம்பும் ஏணியும் பலகையைக் கொடுத்தார். அதில் வெட்டு இல்லை, ஆபத்தும் இல்லை என்று எடுத்து வந்தேன். பாம்பின் வாயில் விழுந்த முதல் தரமே ஜெமீலா என் ஊசிப் பெட்டியைத் திறந்து, தடித்த ஊசியால் பலகையில் இருந்த பாம்புகள் எல்லாவற்றின் கண்ணையும் குத்திக் கிழித்தாள். "இனி இதுக்குக் கண் தெரியா. ஆரையும் விழுங்கா" என்றாள். அதற்குப் பிறகு பாம்புக் கட்டத்தில் காய் நின்றாலும் இறங்க மாட்டாள். இறங்கச் சொன்னால் ஊசியைக் காட்டுவாள். பரீதா மட்டும் வலிய வலியப் பாம்பில் வழுக்கிக்கொண்டு போய்ச் சிரிப்பாள். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சாவைக் கண்ட பிள்ளைகள். ஒருத்திக்கு விழுவது விளையாட்டு, மற்றவளுக்குக் கொலை. இதை நீ மனதில் வைத்துக்கொள்.

கடைசியில் ஸபியாவே ஒன்றைச் செய்தாள். கறுப்புத் துணி ஒன்றில் சமிக்கியால் வளைந்து வளைந்து போகும் பாதை. நடுவில் ஜரிகை மாளிகை. நூல் முடிந்த கட்டைகளில் மினுக்கத் துணி சுற்றி ஆளுக்கொரு பரி. வாயில் போட முடியாத பருமன். ஒரு கட்டைக்குச் சிவப்புத் துணி சுற்றினாள், அதுதான் ஜின். ஒரு பக்கம் உரைத்த புளியங்கொட்டைகளை எறிந்து பரிகளை நகர்த்த வேண்டும். கொட்டை எல்லாம் கறுப்பாக விழுந்தால் ஜின் ஓர் அடி துரத்தி வரும். ஜின் வருமுன் எல்லாப் பரியும் மாளிகைக்குள் போய்விட வேண்டும். ஒரு பரி வெளியே நின்றாலும் மற்றவர்கள் திரும்பிப் போய் அதைக் கூட்டி வரலாம். "வெண்டா எல்லாரும் வெல்லுவம், தோத்தா எல்லாரும் தோப்பம்" என்றாள். அன்று ஜெமீலா தங்கச்சியின் பரியைக் கூட்டி வர மற்ற மூன்று பரிகளையும் திரும்பிப் போக வைத்தாள். எல்லாரும் உள்ளே போய்ச் சேர்ந்ததும் வாசலில் இருந்த அம்மிக் குழவியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து, சிவப்பு ஜின்னை நசுக்கினாள். கட்டை பிளந்து சிதறியது. நான் தடுக்கப் போனேன். "விடுங்க மாமா" என்றாள் ஸபியா. "கட்டையத்தானே அடிக்கிறாள். தங்கச்சிய அடிக்கல்லயே." அதிலிருந்து நூல் முடிந்த கட்டைகளை நான் எறிவதில்லை. இவளுக்கு ஜின் போதாமல் போய்விடுகிறது.

இனி எழுதப் போவதை நான் உனக்கு இவ்வளவு நாளும் மறைத்தேன். அப்போதே எழுதியிருந்தால் அன்றைக்கே நீ ரயிலேறியிருப்பாய். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து, ஸபியாவின் முற்றத்து வேப்பமர நிழலில் ஒரு மணப்பெண்ணுக்குப் பச்சைப் பட்டில் சட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பக்கத்தில் துணிப் பலகையை விரித்திருந்தார்கள். வேலியின் கடப்பு வாசலில் ஆள் வந்து நின்றது. உதுமான். கோர்ட்டில் அவனுடைய காக்காவுக்கு மறியல் தண்டனை விழுந்தது, இவனை விட்டுவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கைக்குள் அவன் கால் வைத்ததில்லை.

"நான் உள்ளுக்கு வர இல்ல. இதில நிண்டே கதைச்சிட்டுப் போறன்" என்றான். "மன்னியுங்க எண்டு கேக்க எனக்கு வாய் இல்ல. எண்ட காக்கா கத்தி எடுப்பான் எண்டு நான் நினைக்கல்ல. ஆனா முதல்ல அடிச்சது நான்தான். அதச் சொல்லாம எனக்குச் சோறு இறங்குதில்ல."

நான் வாய் திறக்குமுன் மடியில் இருந்த கத்தரிக்கோல் இல்லை. ஜெமீலா ஓடினாள். துணி வெட்டும் பெரிய கத்தரி அது. இரண்டு கையாலும் பிடித்து அவனுடைய தொடையில் குத்தினாள். சாரனுக்கு மேலாலேயே இறங்கியது. இழுத்து எடுத்து இன்னொரு முறை குத்தினாள். அவன் கையை உயர்த்தவில்லை. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து நின்றான். அவ்வளவு பெரிய ஆள் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் பிள்ளை தூரப் போய் விழுந்திருப்பாள். ஸபியா பாய்ந்து மகளின் கையை மடக்கிக் கத்தரியைப் பறித்தாள். பறித்தவள் அதைக் கீழே போடவில்லை. கூர்முனை அவனுடைய வயிற்றுக்கு நேரே இருந்தது. கத்தரியை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள், மகன். நான் அதைப் பார்த்தேன். அவளும் குத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். குத்தட்டும் என்று என் மனதுக்குள்ளும் ஒன்று சொன்னது.

"குத்துங்க" என்றான் உதுமான்.

"குத்தினா நீ மௌத்தாப் போவாய்" என்றாள் ஸபியா. "பொலிஸ் என்னக் கொண்டு போகும். எண்ட புள்ளைகளுக்கு ஆர் சோறாக்கிக் குடுக்குற? உண்ட காக்காட பொண்டாட்டியும் புள்ளைகளும் இப்ப கிடக்குற மாதிரி இதுகளும் கிடக்கவா? எனக்கு உண்ட ரத்தம் வேணா. போ."

போகச் சொன்னாள், அவனால் போக முடியவில்லை. கால் மடங்கிக் கடப்பிலேயே விழுந்தான். மணல் சிவந்தது. கையில் இருந்தது மணப்பெண்ணின் பச்சைப் பட்டு ஒன்றுதான். அதைக் கிழித்து அவனுடைய தொடையில் இறுக்கிக் கட்டினேன். என் மகனை அடித்தவனின் காலை நான் ஏன் கட்டினேன் என்று நீ கேட்பாய். யோசித்துச் செய்யவில்லை. இரத்தம் பீறிடுவதைக் கண்டதும் கை தானாகப் போய்ப் பொத்தியது. ஜெமீலா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"மூத்தாப்பா, இவரும் மௌத்தாப் போவாரா?"

"இல்ல மகள். ரத்தத்த நிப்பாட்டிட்டம்."

"அப்ப வாப்பாட ரத்தத்த ஏன் நிப்பாட்டல்ல?"

"நிப்பாட்டத்தான் பாத்தன் மகள். ஏலாமப் போச்சி."

அவளுடைய வாப்பா மௌத்தான நாளிலிருந்து அந்தப் பிள்ளை அழுததில்லை. அப்போதுதான் அழுதாள். அழுகை என்றும் சொல்ல முடியாது. ஊளை. என் நெஞ்சிலும் முகத்திலும் கையால் குத்தினாள், தாடியைப் பிடித்து இழுத்தாள், என் உதடு கிழிந்தது. பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லும் வரை அடித்தாள். பிடித்து நிறுத்தாமல் வாங்கிக்கொண்டிருந்தேன். பிறகு என் மடியிலேயே உறங்கிப்போனாள். உதுமானை அயலவர்கள் வண்டிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வேலிக் கம்பில் விழுந்து கிழிந்தது என்று அங்கே சொன்னானாம். இன்றைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் நீ அவனைக் காண்பாய். உனக்குப் பக்கத்திலும் நிற்கக்கூடும். நின்றால் நீ என்ன செய்வாய் என்பதை இங்கே வந்து யோசிக்காதே. அங்கேயே யோசித்துவிட்டு வா.

ஸபியா சம்மதித்தாள் என்று மேலே எழுதினேன். எப்படிச் சம்மதித்தாள் என்பதையும் எழுதுகிறேன். உன் கடிதத்தை நான் படித்துக் காட்டினேன். "அவர்ட தம்பி எண்டதுக்காக நான் ஓம் சொல்ல இல்ல மாமா" என்றாள். "புள்ளைகளோட ஒரு பாயில குந்தியிருந்து விளையாடக்கூடிய மனிசன் எண்டா வரட்டும். கை நீட்டுற மனிசன் எண்டா அங்கேயே இருக்கட்டும். எனக்கு இன்னொரு ஆம்பிளைக்குப் பயப்பட ஏலா." அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

இனிப் பலகை. துணி கிழிந்து சமிக்கி உதிர்ந்துவிட்டது. பெட்டியில் வைத்து மூடுகிற, கொழும்புக் கடைப் பலகை ஒன்று வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. வாங்கி வா. மினுங்க வேண்டும், அதில் கஞ்சத்தனம் பிடிக்காதே. பரியும் மாளிகையும் இருந்தால் பரீதா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே படுப்பாள். கடையில் நின்று ஜிகினாவை விரலால் உரைத்துப் பார். விரலில் ஒட்டினால் அது நாளைக்கு அவளுடைய வாய்க்குள் இருக்கும். காய்கள் அவளுடைய தொண்டைக்கும் மூக்குக்கும் கொள்ளாத பருமனாக இருக்கட்டும். பெட்டியின் மேல் படத்தைப் பார்த்து ஏமாறாமல், எப்படி விளையாடுவது என்று கடைக்காரனைச் சொல்லச் சொல். ஒருவர் மற்றவரை வெட்டுவது, அடித்து வெளியேற்றுவது, முதலில் தோற்றவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என்று வந்தால் எவ்வளவு அழகானாலும் வைத்துவிடு. எல்லாரும் ஒரு பக்கமாக நின்று விளையாடுவது ஒன்று கிடைத்தால் அதுதான் எங்களுக்கு வேண்டியது. அப்படி எதுவும் இல்லை என்று சொல்வார்கள். அப்போது அழகான பலகையும் தடித்த காய்களும் மட்டும் பார்த்து வாங்கிக்கொள். எப்படி விளையாடுவது என்பதை ஸபியா மாற்றிக்கொள்வாள். எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டிய விளையாட்டும் வேண்டாம். பெரியவள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறாள். நீண்டு இழுபடுகிறதும் வேண்டாம். சோறு வேகும் நேரத்துக்குள் முடிய வேண்டும்.

அவர்கள் உன்னைச் சாச்சா என்றே கூப்பிடட்டும். வாப்பா என்று கூப்பிடச் சொல்லிக் கேட்காதே. ஜெமீலா இப்போதும் சில நாட்களில் ஜின்னை உடைக்கிறாள். சில நாட்களில் உடைக்காமல் பெட்டிக்குள் போடுகிறாள். எந்த நாளில் எது என்று எங்களுக்கு விளங்குவதில்லை. அவள் உன்னை அடித்தாலும் அடிப்பாள். அடித்தால் கையைப் பிடிக்காதே. நீ அசையாமல் இருக்கப் பழகிக்கொள். உனக்கு அது கஷ்டம், தெரியும்.

நேற்றுப் பின்னேரம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, சாச்சா கொழும்பிலிருந்து விளையாட்டுப் பலகை கொண்டு வரப் போகிறார் என்றேன். பரீதா துள்ளினாள். "ஜிகினா இரிக்குமா? பரி இரிக்குமா?" என்று என் சாரனைப் பிடித்து இழுத்தாள். ஜெமீலா மெசினுக்குக் கிட்ட வந்தாள். நான் மெசினில் இருந்து ஒரு தையல் முடித்து நூலை அறுக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு கேட்டாள்.

"மூத்தாப்பா, சாச்சா தோத்தா அடிப்பாரா?"

எனக்குத் தெரியாது, அவர் வந்ததும் அவரிடமே கேள் என்று சொல்லிவிட்டேன். நீ பஸ்ஸை விட்டு இறங்கி வாசலுக்கு வந்ததும் கேட்பாள்.

வாப்பா